போனுக்காகக் காத்திருந்த ஸ்டூல்

என் அம்மாவுக்கும் பெரியம்மாவுக்கும் சண்டை மூண்டது நிலத்துக்காகவும் இல்லை, நகைக்காகவும் இல்லை. சவூதியிலிருந்து என் அண்ணன் போட்ட ஒரு போனுக்காக. அம்மாவைக் கேட்டால் அன்று அவன் பேசவே இல்லை, பேசியதெல்லாம் அவள் அக்காதான் என்பாள்.

உறவுமுறையை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அக்காவும் தங்கையும் ஒரே வீட்டு அண்ணன் தம்பியைக் கட்டிக்கொண்டவர்கள். அக்கா எனக்குப் பெரியம்மா, தங்கை என் அம்மா. பூதலூருக்குப் பக்கத்தில், ஒரே வீட்டின் நடுவில் ஒற்றைச் செங்கல் சுவர் எழுப்பி, இந்தப் பக்கம் நாங்களும் அந்தப் பக்கம் அவர்களும் குடியிருந்தோம். அந்தப் பக்கம் யாராவது தும்மினால் இந்தப் பக்கம் அம்மா ‘ஸ்தோத்திரம்’ சொல்லுவாள். நாங்கள் லுத்தரன் சபைக்காரர்கள். எங்களுக்கு நல்லதற்கும் ஸ்தோத்திரம்தான், தும்மலுக்கும் ஸ்தோத்திரம்தான்.

பெரியப்பா உரக்கடை வைத்திருந்ததால் எங்கள் தெருவிலேயே அவர் வீட்டில் மட்டும் போன் இருந்தது. அந்த நம்பரைத்தான் நாங்களும் எங்கள் நம்பர் மாதிரி ஊரெல்லாம் கொடுத்து வைத்திருந்தோம், பக்கத்தில் ‘பி.பி.’ என்று எழுதி. பக்கத்து வீட்டுக்குப் போட்டால் எங்களைக் கூப்பிட்டுவிடுவார்கள் என்று அதற்கு அர்த்தம். கல்யாணப் பத்திரிகையில்கூட பி.பி. அச்சடித்த காலம் அது. அம்மாவுக்கு மனப்பாடமாகத் தெரிந்த ஒரே போன் நம்பரும் அதுதான். அதை இப்போதே நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

அண்ணன் ஐ.டி.ஐ. முடித்து எலக்ட்ரீசியனாக சவூதிக்குப் போனான். அப்போதெல்லாம் வயசுப் பையன் ஊரிலேயே இருந்தால், உடம்புக்கு என்ன என்று விசாரிப்பார்கள். போய்ச் சேர்ந்து சில வாரங்கள் கழித்து ஒரு வெள்ளிக்கிழமை அவன் போன் போட்டான். அங்கே வெள்ளிதான் விடுமுறை. பெரியம்மா எடுத்தாள். அம்மா கொல்லையில் கெண்டை மீனைச் சாம்பலில் உரசிக்கொண்டிருந்தாள். மணி அடித்துக் கொஞ்ச நேரம் கழித்து, சுவர் வழியாக அவன் பேர் காதில் விழுந்து, கையைக் கழுவி, முந்தானையில் துடைத்து, விழுந்தடித்து அந்தப் பக்கம் ஓடுவதற்குள் பெரியம்மா ரிசீவரை வைத்துவிட்டாள்.

“நல்லா இருக்கானாம்,” என்றாள் பெரியம்மா. அவ்வளவுதான்.

“நல்லா இருக்கானாம்னா? எங்க தங்கறான், என்ன திங்கறான், ஒண்ணும் கேக்கலையா?”

“எல்லாம் நல்லா இருக்கானாம்டி.”

“அதைச் சொல்லவா இவ்வளவு நேரம்? குசுகுசுன்னு பேசிக்கிட்டே இருந்தியே, சுவத்துக்கு அந்தப் பக்கம் கேட்டுச்சே.”

இந்தக் குசுகுசு விஷயம் அம்மாவின் குற்றப்பத்திரிகையில் முக்கியமான இடத்தைப் பிடித்தது. பெரியம்மா வழக்கமாக போனில் பேசினால் சவூதிக்குக் கம்பியே வேண்டாம், நேராகவே கேட்கும். அன்றைக்கு மட்டும் குரலைத் தாழ்த்தியிருக்கிறாள். என்னமோ சதி என்று அம்மா முடிவுகட்டிவிட்டாள். நான் பெற்ற பிள்ளை வெயிலில் நின்று காசு போட்டு வாங்கின நேரத்தை இவளே தின்று தீர்த்துவிட்டாள் என்று கத்தினாள். வாய்ச்சண்டையில் பெரியம்மாவும் குறைந்தவள் இல்லை. “இது என் வீட்டு போன்டி” என்று ஒரு வார்த்தையை விட்டுவிட்டாள்.

நெல்லைக் கொட்டினால் அள்ளலாம், சொல்லைக் கொட்டினால் அள்ள முடியுமா? அம்மா வாசலில் நின்று, தெருவே கேட்கப் பொருத்தனை செய்தாள். என் வீட்டில் போன் மணி அடிக்கிற வரைக்கும் உன் வாசல்படியை மிதிக்க மாட்டேன், ஆண்டவர் எனக்கும் ஒரு போன் கொடுப்பார், அதில் என் பிள்ளை என்னோடு மட்டும் பேசுவான் என்று.

அந்த நாளில் போன் வேண்டுமென்று எழுதிப்போட்டால் உடனே வந்துவிடாது. கேபிள் இல்லை என்பார்கள். கேபிள் வந்தால் கம்பம் இல்லை என்பார்கள். கம்பம் வந்தால் நட ஆள் இல்லை என்பார்கள். இதெல்லாம் தெரிந்தும் அம்மா மனு போட்ட மறுநாளே தஞ்சாவூர் கீழவாசலில் ஒரு தேக்கு ஸ்டூல் வாங்கிவந்தாள். அதற்கு லேஸில் விரிப்பு பின்னினாள். கூடத்தின் மூலையில், ஜன்னலோரமாக வைத்தாள். “போன் வைக்கிற இடம்” என்றாள்.

அன்றிலிருந்து அந்த ஸ்டூலில் வேறெதையும் வைக்க விடமாட்டாள். அப்பா ஒருமுறை தலைப்பாகையைக் கழற்றி அதன்மேல் போட்டுவிட்டு, இரவுச் சோற்றுக்கு ரசம் மட்டும் வாங்கிக்கொண்டார். எங்கள் சபைப் போதகரை நாங்கள் ஐயர் என்போம். வீடு சந்திக்க வந்த ஐயர், குடித்த காப்பி டம்ளரை அதில் வைக்கப் போனார். அம்மா டம்ளரைக் கையிலேயே வாங்கிக்கொண்டு, “ஐயா, அது போன் வைக்கிற இடம்” என்றாள். ஐயர் காலி ஸ்டூலைப் பார்த்தார், அம்மாவைப் பார்த்தார். அடுத்த ஞாயிற்றுக்கிழமைப் பிரசங்கத்தில், காணாததை நம்பும் விசுவாசத்துக்கு அந்த ஸ்டூலையே உதாரணமாகச் சொல்லிவிட்டார்.

பெண்கள் பக்கத்தில் அம்மாவுக்கு முன்வரிசையில் உட்கார்ந்திருந்த பெரியம்மாவின் காது சிவந்ததை நான் பார்த்தேன். வீட்டுக்கு வந்ததும் சுவருக்கு அந்தப் பக்கம் ஆட்டுக்குட்டியிடம், “எருமை வாங்கறதுக்கு முன்னாடி நெய் விலை பேசினாளாம்” என்று சொல்வது கேட்டது. அம்மா சும்மா இருப்பாளா? எங்கள் கோழியைக் கூப்பிட்டு, “அந்தப் பக்கம் போய் மேயாதடி, அப்புறம் என் வீட்டுத் தவிடுன்னு சொல்லிக் காட்டுவாங்க” என்றாள். இப்படி ஆடு கோழி வழியாகத்தான் அக்காவும் தங்கையும் பேசிக்கொண்டார்கள். ஞாயிற்றுக்கிழமை கோயில் வாசலில் மட்டும் பல்லைக் கடித்துக்கொண்டு “ஸ்தோத்திரம்க்கா,” “ஸ்தோத்திரம்” என்று ஒரு பரிமாற்றம் நடக்கும். அது பேச்சுக் கணக்கில் சேராது என்று இருவருக்குள்ளும் ஒப்பந்தம்.

ஆண்கள் இருவரும் இந்தச் சண்டையில் சேரவே இல்லை. ஒரே பம்ப்செட்டில் தண்ணீர் பாய்ச்சினார்கள், ஒரே கடையில் டீ குடித்தார்கள். அப்பாவிடம் நியாயம் கேட்டால், “நான் அந்த வீட்டு மாப்பிள்ளை, மாமனார் வீட்டுப் பொண்ணுங்க சண்டையில எனக்கென்ன வேலை” என்று துண்டை உதறிக்கொண்டு வயலுக்குப் போய்விடுவார்.

எனக்கு என்ன குறை? நான் அப்போது தஞ்சாவூர்க் காலேஜுக்கு ரயிலில் போய்வந்துகொண்டிருந்தேன். எனக்கு மட்டும் இரண்டு வாசலும் திறந்திருந்தன. இங்கே ஒரு சாப்பாடு, அங்கே ஒரு சாப்பாடு. இங்கே என்ன குழம்பு என்று அங்கே சொல்லுவேன், அங்கே என்ன என்று இங்கே சொல்லுவேன். இரண்டு பக்கமும் போட்டிபோட்டுச் சமைத்ததில் எனக்குத்தான் ஜாக்கெட்டெல்லாம் பிரித்துத் தைக்க வேண்டியதாயிற்று. வெள்ளிக்கிழமை மட்டும் அந்தப் பக்கம் சோறு கிடைக்காது. பெரியம்மா புதிதாக வெள்ளிக்கிழமைகளில் உபவாச ஜெபம் ஆரம்பித்திருந்தாள்.

“எனக்கு போன் வரக்கூடாதுன்னு உபவாசம் இருக்கா,” என்றாள் அம்மா. “இருக்கட்டும். கடவுள் யார் பக்கம்னு பாத்துடலாம்.”

வருஷப் பிறப்பு ஆராதனையில் எங்கள் சபையில் வாக்குத்தத்தம் எடுப்பது வழக்கம். பித்தளைத் தட்டில் சின்னச் சின்ன அட்டைகளைக் கவிழ்த்து வைத்திருப்பார்கள். ஒவ்வொன்றிலும் ஒரு வசனம். வீட்டுக்கு ஒருவர் கண்ணை மூடி ஒன்றை எடுக்க வேண்டும். அதுதான் அந்த வருஷம் முழுவதும் அந்த வீட்டுக்குக் கடவுள் கொடுத்த வாக்கு. அம்மாவுக்கு, திறந்த வாசலைப் பற்றிய வசனம் வந்தது. பூதலூர் எக்ஸ்சேஞ்ச் வாசல்தான் என்று அம்மா அங்கேயே அர்த்தம் கண்டுபிடித்துவிட்டாள். பெரியம்மாவுக்கு வந்தது சத்துருக்கள் வெட்கப்பட்டுப் போவதைப் பற்றியது. அவளுக்குத் தெரிந்த சத்துரு ஒரே ஆள்தான். ஒரே தட்டிலிருந்து இரண்டு பேருக்கும் எதிரெதிராக வாக்குக் கொடுத்துவிட்டு கடவுள் பேசாமல் இருந்தார்.

வாசல் திறக்கவில்லை. அம்மா வெள்ளிதோறும் வாய்க்கால் கரையோடு நடந்து, பூதலூர் ஸ்டேஷன் ரோட்டில் இருந்த எஸ்.டி.டி. பூத்துக்குப் போய் உட்காருவாள். பூத் வைத்திருந்த பாய்க்கும் ஒரு மகன் வளைகுடாவில் இருந்தான். அங்கே அம்மாவைப் போல நாலைந்து பேர் பெஞ்சில் வரிசையாக இருப்பார்கள். ஒருத்தி பேசினால் மற்றவர்கள் சேர்ந்து அழுவார்கள், சேர்ந்து சிரிப்பார்கள். சில வாரம் லைன் கிடைக்கும், சில வாரம் கிடைக்காது. கிடைத்தாலும் அத்தனை காதுகளுக்கு நடுவில் பெற்ற பிள்ளையிடம் என்ன பேசிவிட முடியும்? சாப்பிட்டியா, தலைக்கு எண்ணெய் வை, அவ்வளவுதான். ஏன் பெரியம்மா வீட்டுக்குப் போடக்கூடாது என்று அவன் கேட்டதற்கு, அந்த போன் ரிப்பேர் என்று சொல்லிவிட்டாள். தூரத்தில் இருக்கிற பிள்ளைக்கு வீட்டுச் சண்டை எதற்கு என்று நினைத்தாள். அவனும் நம்பினான். மாதக்கணக்கில் ஒரு போன் ரிப்பேராக இருக்குமா என்று சந்தேகப்பட அவன் என்ன வெளியூர்க்காரனா?

“கவலைப்படாதீங்கம்மா, இன்ஷா அல்லா, சீக்கிரம் வந்துடும் உங்க போன்,” என்பார் பாய்.

“எங்க ஐயரும் ஏற்ற காலத்துல வரும்னுதான் சொல்றாரு. உங்க இன்ஷா அல்லாவும் எங்க ஏற்ற காலமும் ஒரே டிபார்ட்மெண்ட் போலிருக்கு பாய். ஃபைல் நகரவே மாட்டேங்குது.”

பாய் சிரித்துக்கொண்டே டீ வரவழைப்பார்.

அம்மா நடந்து திரும்பி வந்து கொல்லைப் பக்கம் போன சமயம் பார்த்து, பெரியம்மா என்னைச் சுவரோரமாகக் கூப்பிடுவாள். “அவன் பேசினானாமா? குரல் எப்படி இருந்துச்சாம்?”

“நல்லா இருக்கான் பெரியம்மா.”

“அதைக் கேக்கலடி. குரல் எப்படி இருந்துச்சுன்னு கேளு.”

இதென்ன கேள்வி, குரலில் என்ன இருக்கிறது என்று எனக்கு எரிச்சலாக வரும். குடும்பத்தில் இரண்டு பைத்தியங்கள், ஆளுக்கு ஒரு பக்கம் என்று நினைத்துக்கொள்வேன்.

மறுவருஷப் பிறப்பும் வந்தது. அம்மா கண்ணை இறுக மூடி எடுத்தாள். காத்திருப்பதைப் பற்றிய வசனம். முகம் சுண்டிவிட்டது. அட்டையை ஐயரிடமே நீட்டி, “ஐயா, இது போன வருஷமே முடிஞ்சிடுச்சு, வேற எடுத்துக்கவா?” என்றாள்.

“மாத்திக் குடுக்க இது ரேஷன் கடையாம்மா?” என்றார் ஐயர்.

அன்று வீட்டுக்கு வந்து ஸ்டூல் முன்னால் உட்கார்ந்து அம்மா அழுதாள். இதை வேடிக்கையாகச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. சுவருக்கு அந்தப் பக்கம் போன் மணி அடிக்கும்போதெல்லாம் அவள் கை அப்படியே நின்றுவிடும். தன் பிள்ளை அங்கே பேச மாட்டான் என்று தெரிந்தும் நிற்கும். மணி நின்று பெரியம்மாவின் குரல் உரத்துக் கேட்ட பிறகுதான் அம்மியில் கை மறுபடி நகரும். எதற்கும் கலங்காத என் அப்பா, “மேட்டூர்ல தண்ணி விட்டாங்களான்னு தெரியாமலே நாத்து விட்டவங்க நாம. வரும், அழாத” என்றார். எனக்குத் தெரிந்து அந்தச் சண்டையில் அவர் சொன்ன ஒரே கருத்து அதுதான்.

அறுவடை முடிந்து, வயலெல்லாம் உளுந்து பயிர் பச்சை கட்டியிருந்த நேரத்தில் லைன்மேன் வந்தார். சைக்கிளில் ஒரு கம்பிச் சுருளும் பையில் ஒரு சிவப்பு போனும். அம்மா லேஸ் விரிப்பை எடுத்து உதறி மறுபடி விரித்தாள். ஸ்டூலின்மேல் போன் உட்கார்ந்தது. ஐயருக்கு ஆள் அனுப்பினோம். பெரியப்பா தன் வீட்டு ஜன்னல் வழியாகத் திருட்டுத்தனமாக எட்டிப் பார்த்து, லைன்மேன் உரக்கச் சொன்ன புது நம்பரைக் குறித்துக்கொண்டார்.

“லைன் வந்துடுச்சும்மா. யாருக்காவது ஒரு போன் போட்டுப் பாருங்க,” என்றார் லைன்மேன்.

அம்மா ரிசீவரைக் காதில் வைத்தாள். விரலை நீட்டினாள். விரல் அப்படியே நின்றது. அவளுக்குத் தெரிந்த நம்பர் ஒன்றே ஒன்றுதான் என்பது அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. பாய் பூத் நம்பர் அண்ணனிடம் இருந்தது, அவளிடம் இல்லை. என்னைப் பார்த்தாள். எனக்கும் எந்த நம்பரும் தெரியாது என்பதுபோல நான் மேலே கூரை ஓட்டைப் பார்த்தேன். அது பொய் என்று சொல்ல முடியாது. யாரும் என்னை வாய்விட்டுக் கேட்கவில்லையே.

“சீக்கிரம்மா, இன்னும் ரெண்டு வீடு இருக்கு,” என்றார் லைன்மேன்.

அம்மா சுழற்றினாள். சுவருக்கு அந்தப் பக்கம் மணி அடித்தது. பெரியம்மா நடந்து போவது கேட்டது. எடுத்தாள்.

“ஸ்தோத்திரம், யார் பேசறது?” ரிசீவரிலும் கேட்டது, சுவர் வழியாகவும் கேட்டது.

“நான்தாங்க்கா.”

“எங்கேருந்துடி பேசற?”

“வீட்லேருந்துதான். டெஸ்ட்டுக்கு.”

“வை,” என்றாள் பெரியம்மா. “போனை வைடி கீழ.” தொடர்பு அறுந்தது.

அம்மாவின் முகம் கறுத்துவிட்டது. ரிசீவரை வைத்துவிட்டு லைன்மேனைப் பார்த்து, “வேலை செய்யுதுங்க” என்றாள், என்னவோ வேலை செய்யாததைப் போல. அந்த நொடியில் ஸ்டூலின் மேலிருந்த போன் கணீரென்று அடித்தது. அம்மா பயந்து ஓர் அடி பின்னால் போய்விட்டாள். நான்தான் எடுத்து அவள் காதில் வைத்தேன்.

“உன் வீட்டுல மணி அடிச்சாச்சா?” என்றாள் பெரியம்மா, சவூதிக்கே கேட்கும் குரலில். “பொருத்தனை தீந்துச்சா? அப்ப வா. வத்தக்குழம்பு வச்சிருக்கேன், ஆறிடும்.”

அம்மா வாசல்படி மிதித்ததை, ஐயர் வருவதற்குள்ளேயே, தெருவெல்லாம் வந்து பார்த்தது. ஐயர் வந்து காலியான வீட்டில் போனுக்கு ஜெபம் செய்துவிட்டுப் போனார்.

கதை இதோடு முடிந்திருந்தால் நானும் சபையில் எழுந்து ஒரு சாட்சி சொல்லி உட்கார்ந்துவிடுவேன். அடுத்த வெள்ளி வந்தது. புது நம்பர் அண்ணனுக்குப் போயிருந்தது. அம்மா தலைக்குக் குளித்து, பெட்டியிலிருந்து எடுத்த புடவை கட்டி, ஸ்டூலுக்குப் பக்கத்தில் பாய் விரித்து உட்கார்ந்தாள். யாரும் கூடத்துக்குள் வரக்கூடாது என்றாள். கொஞ்ச நேரம் ஆயிற்று. மணி அடிக்கவில்லை. போன் சரியாக இருக்கிறதா என்று சந்தேகம் வந்து, தெரிந்த ஒரே நம்பருக்குப் போட்டாள்.

“இன்னும் அடிக்கலைக்கா.”

“அடிப்பான்டி, இரு. நம்ம விசேஷத்துக்கு வாங்கின அந்த இடியாப்ப உழக்கு உன்கிட்டயா இருக்கு?”

அங்கே பிடித்தது. பேசாமல் விட்ட நாட்களுக்கெல்லாம் வட்டியும் முதலுமாகப் பேசினார்கள். உழக்கிலிருந்து சின்ன அத்தை மருமகளுக்குப் போய், அங்கிருந்து சபைத் தேர்தலுக்குப் போனார்கள். “அம்மா, நீ வச்சாத்தானே மணி அடிக்கும்” என்று நான் வாசலில் நின்று சொன்னேன். அம்மா கையை ஆட்டி என்னை விரட்டினாள்.

அப்போது பூத்துக்கார பாய் சைக்கிளில் வியர்க்க விறுவிறுக்க வந்து இறங்கினார். “அம்மா, உங்க பையன் என் கடைக்குப் போட்டுட்டான். ரெண்டு வீட்டு லைனும் எங்கேஜ்டாம். அரை மணியில திரும்பப் போடறேன்னான். வாங்க.”

அக்காவும் தங்கையும் வாய்க்கால் கரையில் ஓடியதைப் போல அந்தக் கரையில் மாடுகூட ஓடியதில்லை. வழியெல்லாம் உன்னால்தான், உன்னால்தான் என்று ஒருவரையொருவர் திட்டிக்கொண்டே ஓடினார்கள். நான் பின்னால் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு ஓடினேன். பூத்துக்குள் நுழையவும் மணி அடிக்கவும் சரியாக இருந்தது. பாய் கடை ரிசீவரில் அந்த முனையில் பேசுவது பெஞ்சுக்கே கேட்கும்.

“பெரியம்மா வீட்டு போன் ரிப்பேர் சரியாயிடுச்சாம்மா?” என்றான் அண்ணன்.

“ஆயிடுச்சுப்பா. பக்கத்துலதான் நிக்கிறா.”

“அவங்களுக்கு ஒரு நன்றிகூட நான் சொல்லலம்மா. இப்ப எலக்ட்ரீசியன் வேலையிலயே போர்மேன் ஆக்கிட்டாங்க, அதான் சொல்றேன். வந்த புதுசுல ஏமாத்தி வெயில்ல சிமெண்ட் மூட்டை தூக்க விட்டாங்க. அன்னைக்கு போன் போட்டு அழுதேன். தாங்க முடியல, ஓடிவந்துடறேன்னேன். பெரியம்மாதான் பேசிப் பேசி நிறுத்தினாங்க. உன்கிட்ட சொல்லக்கூடாதுன்னு சத்தியம் வாங்கிட்டேன்.”

அம்மா ரிசீவரைக் காதோடு வைத்துக்கொண்டு அக்காவைத் திரும்பிப் பார்த்தாள். பெரியம்மா பூத் சுவரில் ஒட்டியிருந்த கட்டண அட்டையை மும்முரமாகப் படித்துக்கொண்டிருந்தாள்.

அம்மா மட்டும் அன்றைக்கு போனை எடுத்திருந்தால், முதல் விசும்பலிலேயே ‘வந்துடுடா’ என்றிருப்பாள். அது அவளுக்கும் தெரியும்.

“அன்னைக்கு இவன் அழுதானா?” என்றாள் அம்மா.

“யார் சொன்னா?”

“இவனே சொல்றான். நான் அந்தத் திட்டு திட்டினேனே, அப்பகூட ஏன்க்கா சொல்லல?”

“குடுத்த வாக்கு. அதுவும் இல்லாம நீ பேச இடம் விட்டியா?”

“அப்ப அந்த வெள்ளிக்கிழமை உபவாசம்?”

“பின்ன, உன் ஸ்டூலுக்கா?” என்றாள் பெரியம்மா. சொல்லும்போதே அவள் குரல் உடைந்துவிட்டது. அவன் மூட்டையை இறக்கி வைத்தானா இல்லையா என்று சொல்ல இத்தனை நாளும் அவளுக்கு யாருமே இல்லை என்பது எனக்கு அப்போதுதான் புரிந்தது. குரல் எப்படி இருந்தது என்று வாரா வாரம் என்னைக் கேட்டதும் புரிந்தது. பெஞ்சில் இருந்த பெண்கள், என்ன ஏது என்று தெரியாமலே, வழக்கப்படி சேர்ந்து அழ ஆரம்பித்தார்கள்.

பெரியம்மா மூக்கை உறிஞ்சிக்கொண்டு கையை நீட்டினாள். “சொல்லாத சொல்லாதன்னு சத்தியம் வாங்கிட்டு இப்ப இவனே உளறுறானா? குடு அதை இங்க.”

அம்மா கொடுத்துவிட்டாள்.

மிச்ச நேரம் முழுவதும் பெரியம்மாதான் பேசினாள். திட்டினாள், என்ன சாப்பிட்டாய் என்று கேட்டாள், மறுபடி திட்டினாள், போர்மேன் என்றால் என்ன என்று கேட்டாள். அம்மா அவள் முந்தானை நுனியைப் பிடித்துக்கொண்டு பேசாமல் பக்கத்தில் நின்றாள். ஒருமுறைகூட ரிசீவருக்குக் கை நீட்டவில்லை. அண்ணன் கையிலிருந்த காசு தீர்ந்து லைன் அறுந்தது.

“என்னக்கா சொன்னான்?” என்று அம்மா கேட்டாள்.

பெரியம்மா ரிசீவரை வைத்துவிட்டு, முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

“நல்லா இருக்கானாம்.”